ஊருக்கு வெளியே ஒரு தோழி

"உப்பிட்டவரை உள்ளளவும் நினை" என்பது நம் முன்னோர் வாக்கு. ஒரு வீட்டில் ஒருவேளை உண்டாலும் அந்த நன்றியை உயிருள்ளவரை மறக்கலாகாது என்பது இதன் பொருள். மரக்காணம் கடற்கரையில் வாழும் நமக்கு இப்பழமொழி இன்னும் நேரான பொருளிலேயே பொருந்தும். நம் சோற்றில் கலக்கும் உப்பு எங்கிருந்தோ வருவதன்று. பள்ளிக்கு வரும் வழியில் வெள்ளை வெளேரென்று குவிந்து கிடக்கிறதே, அதுதான். அதை வாரிக் குவித்த கைகள் யாருடையவை? அந்தக் கைகளுக்குரியவர்களின் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள்? அவர்களில் யாரேனும் நமக்குத் தோழியாக இருக்கிறார்களா? இவற்றைச் சற்று எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மரக்காணத்து உப்புக்கு வயது அதிகம். சங்க நூலான சிறுபாணாற்றுப்படையில் நல்லியக்கோடனின் ஓய்மா நாட்டுக் கடற்கரை ஊராக எயிற்பட்டினம் வருகிறது. அது இன்றைய மரக்காணமே என்பது அறிஞர் பலரின் கருத்து. இவ்வூர்ப் பூமீசுவரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ளன. நெய்தல் நிலத்தில் விளைந்த உப்பை மாட்டு வண்டிகளில் ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டுசென்ற உமணர்களைச் சங்கப் புலவர்கள் பலர் பாடியிருக்கிறார்கள். பிற்காலத்தில் பக்கிங்காம் கால்வாய் வெட்டப்பட்டபின் படகுகளும் சரக்கேற்றிச் சென்றன. வண்டியும் படகும் போய் லாரி வந்துவிட்டது. உப்பு வாரும் வேலையின் கடுமை மட்டும் அவ்வளவாக மாறவில்லை.

ஒரு லிட்டர் கடல் நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. உப்பளத்தார் உவர் நீரை முதலில் பெரிய பாத்திகளில் தேக்கி, வெயிலில் காயவிட்டு, அது செறியச் செறிய அடுத்தடுத்த பாத்திகளுக்குத் திருப்புகிறார்கள். கடைசிப் பாத்தியின் களிமண் தரையை முன்னதாகவே காலால் மிதித்துக் கெட்டிப்படுத்தியிருப்பார்கள். அங்கேதான் உப்பு பூக்கும். பூத்த உப்பை நீண்ட பிடியுள்ள பலகையால் இழுத்து, வரப்பில் குவித்து, கூடையில் சுமந்து மேட்டில் சேர்ப்பார்கள். வெயில் ஏறுமுன் வேலையை முடிக்க வேண்டுமென்பதால் விடிவதற்கு முன்பே தொடங்குவார்கள். உவர் நீரில் நின்று கால்கள் வெடிக்கும்; வெள்ளைப் பரப்பின் கூச்சத்தில் கண்கள் எரியும். ஐப்பசி, கார்த்திகை மழை வந்துவிட்டால் வேலையும் இல்லை, கூலியும் இல்லை.

இந்த உப்பளங்களையும் கழுவெளி ஏரியையும் சுற்றியுள்ள ஊர்களில், தெருக்களெல்லாம் முடிந்தபின், ஏரிக்கரையிலோ ஓடைப் புறம்போக்கிலோ சில குடிசைகளைக் காணலாம். அவை இருளர் குடியிருப்புகள். சிலர் அவர்களை வில்லியர் என்றும் அழைப்பதுண்டு. நாம் ஊருக்குள் இருக்கிறோம். அவர்கள் ஊருக்கு வெளியே இருக்கிறார்கள். இடைவெளி அரைக் கிலோமீட்டர்கூட இராது. ஆனாலும் அந்த அரைக் கிலோமீட்டரை நம்மில் பலர் ஒருநாளும் நடந்து கடந்ததில்லை.

இருளர் தமிழ்நாட்டின் பழங்குடியினர். தோடர், கோத்தர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் ஆகியோருடன் சேர்த்து, தனிக் கவனம் தேவைப்படும் 6 பழங்குடிகளுள் ஒன்றாக அரசு அவர்களைப் பட்டியலிட்டுள்ளது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் அவர்கள் தொகை ஏறக்குறைய 1 லட்சத்து 90 ஆயிரம். ஒரு பிரிவினர் நீலகிரி, கோவை மலைப்பகுதிகளில் வாழ்கின்றனர். மற்றொரு பிரிவினர் திருவள்ளூர், செங்கற்பட்டு, விழுப்புரம், கடலூர் போன்ற சமவெளி மாவட்டங்களில் வாழ்கின்றனர். நம் அண்டை வீட்டார் இந்தச் சமவெளி இருளர்தாம்.

அவர்கள் வணங்கும் தெய்வம் கன்னியம்மன். மாசி மாதப் பௌர்ணமியில் பல மாவட்டங்களிலிருந்தும் இருளர் குடும்பங்கள் மாமல்லபுரம் கடற்கரையில் கூடுவார்கள். ஈர மணலில் படி அமைத்து, பூ வைத்து, கன்னியம்மனைக் கடலிலிருந்து அழைத்து வழிபடுவார்கள். குழந்தைகளுக்குப் பெயர் சூட்டுவதும் திருமணம் முடிப்பதும் அங்கேயே நடக்கும். நாம் சிற்பங்களைக் காணச் சுற்றுலா செல்லும் அதே கடற்கரைதான் அவர்களுக்குக் கோயிலும் மண்டபமும்.

இனி, நம் வகுப்பில் ஓர் இருளர் சிறுமி வந்து சேர்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, மதிய உணவைப் பகிர்ந்து, அவள் சொல்லும் கதைகளைக் கேட்டுக்கொண்டு ஒருத்தி வீடு திரும்புகிறாள். வீட்டில் என்ன சொல்வார்கள்? "அந்தப் பொண்ணுகூடச் சேராதடி. அவங்க பாம்பு புடிக்கிறவங்க" என்பார்கள். "எங்கயாச்சும் திருட்டுப் போனா அவங்கதான்" என்பார்கள். "நாலு மாசம் வருவா, அப்புறம் நின்னுடுவா. அதுங்களுக்குப் படிப்பு ஏறாது" என்பார்கள். சொல்பவர்கள் தீயவர்கள் அல்லர். தாங்கள் சிறுவயதில் கேட்டதையே சொல்கிறார்கள். ஆகவே கோபப்படாமல் இம்மூன்று சொற்களையும் ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்வோம்.

முதலாவது பாம்பு. பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். அப்படியிருக்க இருளர் ஏன் நடுங்குவதில்லை? அவர்கள் மந்திரம் அறிந்தவர்கள் என்று ஊர் நம்புகிறது. உண்மையில் அவர்கள் அறிந்தது பாம்பின் வாழ்க்கை. வரப்பில் உள்ள வளையின் வாயைப் பார்த்தே உள்ளே இருப்பது எலியா, நண்டா, பாம்பா என்று அனுபவமுள்ளோர் கூறிவிடுவர். மண்ணில் படிந்த தடம், உரிந்த சட்டை, எச்சம் ஆகியவை அவர்களுக்கு எழுத்துகள். கடப்பாரையால் வளையைப் பதமாகத் தோண்டி, பாம்புக்கும் தமக்கும் ஊறு நேராமல் எடுப்பது அவர்கள் கலை. வயலில் எலி வளைகளைத் தேடி, பானையில் மூட்டிய புகையை ஊதி எலிகளைப் பிடிப்பதும் அவர்களே. அதனால் விவசாயியின் நெல் காக்கப்படுகிறது.

ஒரு காலத்தில் பாம்புத் தோலுக்கு நல்ல விலை இருந்தது. இருளர் பிடித்த பாம்புகளின் தோல் பைகளாகவும் வார்களாகவும் வெளிநாடு சென்றது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதைத் தொடர்ந்து அடுத்த சில ஆண்டுகளில் பாம்புத் தோல் ஏற்றுமதி நின்றது. சட்டம் நல்ல சட்டம். ஆனால் பல குடும்பங்களின் பிழைப்பு ஒரே நாளில் போயிற்று.

இவ்விடத்தில் ஒரு நட்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். ராமுலஸ் விட்டேக்கர் என்பவர் 1943-இல் அமெரிக்காவில் பிறந்தவர். சிறுவயதிலேயே இந்தியா வந்து கொடைக்கானலில் படித்தவர். குழந்தைப் பருவம் முதலே அவருக்குப் பாம்புகள்மேல் அச்சமில்லை, ஆவலே இருந்தது. அவருடைய தாயாரும் அந்த ஆவலைத் தடுக்கவில்லை. பின்னாளில் சென்னையில் பாம்புப் பண்ணை அமைத்த அவர், பாம்பைப் பற்றிக் கற்க இருளர்களை நாடிச் சென்றார். அவர்களோடு வயலிலும் புதரிலும் நடந்தார். ஊரார் ஒதுக்கியவர்களை அந்த வெளிநாட்டவர் ஆசிரியர்களாகவே மதித்தார். தோல் வணிகம் நின்று அவர்கள் தவித்தபோது, "உங்கள் அறிவு வீணாகக் கூடாது, பாம்பைக் கொல்லாமல் நஞ்சை எடுக்கலாம்" என்ற வழி இந்த நட்பிலிருந்தே பிறந்தது. 1978-ஆம் ஆண்டு இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் பதிவாயிற்று. மாமல்லபுரத்துக்கு வடக்கே வடநெம்மேலியில், முதலைப் பண்ணை வளாகத்தில் அது இயங்கி வருகிறது.

அங்கு நடக்கும் வேலையை அறிந்துகொள்வது நமக்கு அறிவியல் பாடமும் ஆகும். நம் நாட்டில் நச்சுப் பாம்புக் கடியால் இறப்போரில் பெரும்பாலோரின் சாவுக்குக் காரணமானவை நாகப்பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கு. இருளர் இவற்றை வனத்துறையின் அனுமதி பெற்றுப் பிடித்து, மண்பானைகளில் வைத்து, வாயைத் துணி கட்டி மூடுகிறார்கள். ஏறத்தாழ 3 வாரங்கள் மட்டும் வைத்திருந்து, இடைவெளி விட்டு நஞ்செடுக்கிறார்கள். பிறகு வயிற்றுச் செதிலில் ஓர் அடையாளமிட்டு மீண்டும் வெளியில் விட்டுவிடுகிறார்கள். அதே பாம்பை உடனே மறுபடியும் பிடிக்காதிருக்கவே அந்த அடையாளம். எடுத்த நஞ்சு உறையவைத்து உலர்த்தப்பட்டு மருந்து நிறுவனங்களுக்குச் செல்கிறது. அங்கே அதை மிகச் சிறிய அளவில் குதிரைகளுக்குச் செலுத்தி, சிறிது சிறிதாக அளவைக் கூட்டுவார்கள். குதிரையின் குருதியில் நஞ்சை எதிர்க்கும் பொருள் உருவாகும். அதைப் பிரித்துத் தூய்மை செய்தால் நஞ்சு முறிவு மருந்து கிடைக்கிறது. இந்தியாவில் அம்மருந்துக்குத் தேவையான நஞ்சில் பெரும்பங்கு இந்த இருளர் சங்கத்திலிருந்தே சென்றிருக்கிறது.

2000 முதல் 2019 வரையிலான 20 ஆண்டுகளில் இந்தியாவில் பாம்புக் கடியால் ஏறக்குறைய 12 லட்சம் பேர் இறந்தனர் என 2020-இல் வெளியான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர். அவர்களில் கால்வாசிக்கும் மேற்பட்டோர் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகள். நம் வயலிலோ உப்பள வரப்பிலோ ஒரு தம்பியைப் பாம்பு கடித்து, அரசு மருத்துவமனையில் ஊசி போட்டு அவன் பிழைத்து வந்தால், அந்த மருந்தில் இருளர் ஒருவரின் உழைப்பு இருக்கிறது. நம் வீட்டு வாசலில் நிற்கவிடாத கைதான் நம் பிள்ளையைக் காப்பாற்றியிருக்கிறது.

உலகம் இதை அறிந்துகொண்டது. அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலத்தின் சதுப்பு நிலங்களில் அந்நிய நாட்டு மலைப்பாம்புகள் பெருகி, அங்குள்ள சிறு விலங்குகளையெல்லாம் விழுங்கிவந்தன. 2017-ஆம் ஆண்டு மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரு இருளர்களை அங்கே அழைத்தார்கள். இரண்டு வாரங்களுக்குள் அவர்கள் 13 மலைப்பாம்புகளைப் பிடித்துக் கொடுத்தனர். 2023-ஆம் ஆண்டு இவ்விருவருக்கும் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது. "பாம்பு புடிக்கிறவங்க" என்ற சொல்லை இனி நாம் எந்தக் குரலில் சொல்ல வேண்டும் என்பது விளங்குகிறதல்லவா?

இரண்டாவது திருட்டு. இதை ஆராயும்போது நாம் கூச்சப்படத்தான் வேண்டியிருக்கிறது. சொந்த நிலமில்லை, பட்டா இல்லை, குடும்ப அட்டைகூட இல்லாத குடும்பங்கள் பல. அவர்கள் ஊருக்கு வெளியே இருப்பதாலும், இரவில் விளக்கெடுத்து ஓடையில் மீனும் நண்டும் பிடிக்கப் போவதாலும் சந்தேகம் எளிதில் அவர்கள்மேல் விழுகிறது. எதிர்த்துக் கேட்க ஆளில்லாதவர் மேல் பழி சுமத்துவது யாருக்கும் சுலபம். 2021-இல் வெளிவந்த 'ஜெய் பீம்' திரைப்படம் இத்தகைய பழியால் ஓர் இருளர் குடும்பம் படும் துயரத்தைக் காட்டியது. பார்த்தவர்கள் பலர் கண்ணீர் விட்டனர். நம் பக்கத்து நகரமான திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணி அவர்கள் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தின் வழியாக இம்மக்களின் உரிமைக்காக நெடுங்காலம் உழைத்து வந்திருக்கிறார். இதையும் நாம் அறிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, படிப்பு ஏறாது என்பது. 2011-ஆம் ஆண்டு தமிழகத்தில் எழுத்தறிவு பெற்றோர் 100-க்கு 80 பேர். பழங்குடியினரில் அது 54 பேர் மட்டுமே. அறிவுக் குறைவு இதற்குக் காரணமன்று. வளையின் வாயைப் பார்த்து உள்ளிருப்பதைப் படிக்கத் தெரிந்தவர்களின் பிள்ளைகளுக்கு, கரும்பலகையைப் படிக்கத் தெரியாமலா போகும்? காரணம் வேறு. பொங்கல் முடிந்ததும் செங்கல் சூளை வேலை சூடுபிடிக்கும். முன்பணம் வாங்கிய குடும்பங்கள் தட்டுமுட்டுச் சாமான்களுடன் சூளைக்கோ, விறகு வெட்டும் இடத்திற்கோ போய்விடும். மழைக்கு முன்புதான் திரும்பும். கொத்தடிமை முறை 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. எனினும், கடன் தீரும்வரை வெளியேற முடியாமல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் இருந்த இருளர் குடும்பங்களை அதிகாரிகள் மீட்ட செய்திகள் அதற்குப் பின்னும் பலமுறை வந்துள்ளன. பெற்றோருடன் பிள்ளையும் போகிறாள். ஆண்டுத் தேர்வு நடக்கும்போது அவள் பச்சைக் கல் அடுக்கிக்கொண்டிருப்பாள்.

திரும்பி வந்து மேல்வகுப்புக்குப் போகலாமென்றால் சாதிச் சான்றிதழ் கேட்பார்கள். பழங்குடியினருக்குரிய சான்றிதழைக் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர் அலுவலகத்தில் பெற வேண்டும். அப்பாவிடமும் தாத்தாவிடமும் எந்தக் காகிதமும் இல்லாத வீட்டுப் பெண் எதைக் காட்டுவாள்? நாள் கூலியை விட்டுவிட்டு எத்தனை முறை பேருந்து ஏறுவார்கள்? 2021 நவம்பரில் மாமல்லபுரம் அருகே பூஞ்சேரியில் முதலமைச்சரே நேரில் வந்து இருளர், நரிக்குறவர் குடும்பங்களுக்குப் பட்டாக்களும் சான்றிதழ்களும் வழங்கியது நாடறிந்த செய்தி. ஒரு காகிதம் எவ்வளவு பெரிய பொருள் என்பதை அது காட்டிற்று.

மூன்று சொற்களும் உண்மையில் நிற்கவில்லை. அப்படியானால் மாணவியராகிய நாம் செய்யக்கூடியது என்ன?

கிறிஸ்துமஸ் காலத்தில் பழைய உடைகளும் அரிசியும் திரட்டி ஏழைகளுக்குக் கொடுக்கிறோம். அது நல்ல செயல். அதை விட வேண்டியதில்லை. ஆனால் கொடுப்பவர் மேலேயும் வாங்குபவர் கீழேயும் நின்றால் அதற்கு நட்பு என்று பெயரில்லை. நட்பில் வாங்கலும் உண்டு, கொடுக்கலும் உண்டு. இருளர் தோழியிடமிருந்து நாம் பெறுவதற்கு நிறைய இருக்கிறது. எந்தக் கீரை எந்த நோய்க்கு ஆகும், கழுவெளியில் எந்த மாதம் எந்தப் பறவை வரும், தண்ணீரில் கைவிட்டுத் துழாவி இறால் பிடிப்பது எப்படி என்று அவளைக் கேட்கலாம். செங்கற்பட்டு அருகே தண்டரையில் 1986-இல் தொடங்கப்பட்ட இருளர் பழங்குடிப் பெண்கள் நலச் சங்கம் மூலிகை அறிவையே மூலதனமாக்கி வளர்ந்தது. அந்த அறிவின் ஒரு துளி நம் வகுப்பறையிலேயே உட்கார்ந்திருக்கக் கூடும். கேட்பதற்கு ஒருத்தி இருந்தால்தானே அவளும் வாய் திறப்பாள்?

சில சிறிய செயல்களை இங்கே கூறலாம். அவளை அவள் பெயரால் அழைப்போம். பட்டப் பெயர் சூட்டுபவரை நாமே தடுப்போம். உணவு இடைவேளையில் அவளுக்கும் நம் வட்டத்தில் இடம் விடுவோம். ஏதேனும் காணாமற்போனால் நம் கண்கள் முதலில் யார் பக்கம் திரும்புகின்றன என்று நம்மையே கவனிப்போம். அவள் வீட்டார் ஊரை விட்டுப் போகப்போவது தெரிந்தால் உடனே வகுப்பாசிரியையிடம் கூறுவோம். கட்டாய இலவசக் கல்விச் சட்டம் 2010 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளையை ஆண்டின் எந்த மாதத்திலும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும். மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாயிற்று என்று மறுக்கக் கூடாது. அவள் போகும் ஊரிலும் பள்ளி உண்டு. திரும்பி வந்தால் இங்கும் இடமுண்டு. இதை அவள் பெற்றோருக்குச் சொல்ல நம் அருட்சகோதரிகளும் ஆசிரியைகளும் பெற்றோர்களும் துணை நிற்பார்கள்.

பாம்பைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் தேவை. இருளர் செய்கிறார்கள் என்று நாம் பாம்பைத் தொடக் கூடாது. அது பல தலைமுறைப் பயிற்சி. பாம்பு கடித்துவிட்டால் கீறுவதும், உறிஞ்சுவதும், இறுக்கிக் கட்டுவதும் தீங்கு. கடிபட்டவரை அசையாமல் வைத்து, தாமதமின்றி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். 108-ஐ அழைக்கலாம்.

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் மகள் ஒருநாள் வீட்டுக்கு வந்து, ஊருக்கு வெளியே உள்ள ஒரு தோழியைப் பற்றி ஆசையாகப் பேசினால், "அவகூடச் சேராதே" என்று சொல்வதற்கு முன், "அவ பேரு என்னம்மா?" என்று கேளுங்கள். அடுத்து, "ஒருநாள் கூட்டிக்கிட்டு வா" என்று சொல்லிப் பாருங்கள். குழந்தைகள் பார்த்த மாத்திரத்தில் ஆளைப் பார்க்கிறார்கள். குலத்தைப் பார்க்க அவர்களுக்குப் பிறர் கற்றுக் கொடுத்தாக வேண்டும். நாம் கற்றுக் கொடுக்காவிட்டால் அது அவர்களுக்கு வராது.

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் அன்று வருகைப் பதிவேட்டில் பெயர்கள் வாசிக்கப்படும். ஒரு பெயருக்குப் பதில் வராதிருக்கலாம். ஆசிரியை அடுத்த பெயருக்குப் போகுமுன், "அவள் ஏன் வரவில்லை? எங்கே போனாள்?" என்று எழுந்து கேட்க வகுப்பில் ஒருத்தியாவது இருந்தால், அந்தச் சிறுமிக்கு ஊருக்குள் ஒரு தோழி கிடைத்துவிட்டாள் என்று பொருள்.